ஆபீஸே வாடகைக்குத்தான் இருக்கிறது
சென்னையில் முதல் வீடு வாங்கக் கிளம்பியிருக்கும் இளம் தம்பதிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

இரண்டு பேருக்கும் சம்பளம் வருகிறது. எவ்வளவு கடன் கிடைக்கும் என்று வங்கியில் விசாரித்தாகிவிட்டது. சனி, ஞாயிறு வந்தால் மாடல் ஃப்ளாட் பார்க்கக் கிளம்பிவிடுகிறீர்கள். புரோக்கரிடம் நீங்கள் சொல்லும் முதல் நிபந்தனை எனக்கு மனப்பாடம்: "ஆபீஸ்லேர்ந்து பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள இருக்கணும்."

அந்த ஒரு நிபந்தனையைப் பற்றித்தான் இந்த மடல். மற்றதெல்லாம், கிழக்குப் பார்த்த வாசல், கார் பார்க்கிங், தண்ணீர் லாரி, உங்கள் பாடு. ஆனால் ஆபீஸை மனதில் வைத்து வீடு வாங்குவது, அதுவும் இந்த ஊரில், ஆழம் தெரியாமல் காலை விடுவது. வேலைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருங்கள். வாங்குவதென்றால் ரயிலுக்குப் பக்கத்தில் வாங்குங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் சொல்கிறேன் என்பதற்கு இந்த ஊரின் கதையையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நீங்கள் வேலை பார்க்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடம் பெரும்பாலும் உங்கள் கம்பெனிக்குச் சொந்தமில்லை. கம்பெனியும் வாடகைக்குத்தான் இருக்கிறது. அலுவலகக் குத்தகை ஒப்பந்தங்களில் 'லாக்-இன்' என்று ஒரு காலம் போடுவார்கள். பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து வருடம். அது முடிந்ததும் சில மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு மூட்டை கட்டலாம். ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும், புது இடத்தின் வரைபடத்தோடு. அவ்வளவுதான்.

உங்கள் பக்கத்துக் கணக்கு வேறு. 60 லட்ச ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 52,000 ரூபாய். ஐந்து வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினால் வங்கிக்குப் போயிருப்பது 31 லட்சத்துக்கு மேல். அசலில் கழிந்திருப்பது 7 லட்சத்துச் சொச்சம். மீதி எல்லாம் வட்டி. ஆபீஸ் இடம் மாறுகிற அந்த ஐந்தாவது வருடத்தில் நீங்கள் வீட்டை விற்று இன்னோர் இடத்தில் பழைய ஃப்ளாட் ஒன்று வாங்க நினைத்தால், முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் பதிவுத்துறைக்கே போய்விடும். புரோக்கர் கமிஷன் தனி. ஐந்து வருடத்தில் அடைத்த அசல் ஒரே நாளில் காலி. கம்பெனிக்கு இடம் மாறுவது ஒரு நிர்வாக முடிவு. உங்களுக்கு அது அரை ஆயுள் சேமிப்பு.

"எங்க ஏரியா அப்படி மாறாது சார்" என்று சொல்வீர்கள். ஒவ்வொரு தலைமுறையும் அப்படித்தான் சொன்னது.

ஒரு காலத்தில் வேலை என்றால் துறைமுகம், அதை ஒட்டிய பாரிமுனை. கப்பல் ஏஜென்சி, வங்கி, இன்ஷூரன்ஸ், வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தலைமையகம் எல்லாம் ஃபர்ஸ்ட் லைன் பீச்சிலும் அதன் பின்தெருக்களிலும் இருந்தன. 1931-இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் குடியிருந்துகொண்டு பாரிமுனையில் கணக்கு எழுதும் குமாஸ்தா வர்க்கம் பெருகியது. பிறகு ஆபீஸ்கள் மவுண்ட் ரோடு பக்கம் நகர்ந்தன. 1959-இல் எல்.ஐ.சி. கட்டடம் எழுந்தபோது ஊரின் மையம் எது என்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அன்றைக்கு மவுண்ட் ரோட்டில் உத்தியோகம் என்றால் பெண் கொடுப்பார்கள்.

வடக்கே பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில்கள். ஊர் வழக்கில் பின்னி மில். 1870-களின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்த அந்த மில்களை நம்பித்தான் பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரி, வியாசர்பாடிப் பக்கமெல்லாம் குடும்பங்கள் குடியேறின. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் அந்தத் தொழிலாளிகளிடமிருந்துதான் பிறந்தது. அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை மில் சங்குச் சத்தத்துக்கு எழுந்திருந்து போனது. அதைவிட நிலையான வேலை ஒன்றை அந்த ஜனங்களால் கற்பனை செய்திருக்க முடியுமா? 1996-இல் மில் மூடியது. அதன்பின் பல வருடம் அந்தக் காலிக் கட்டடங்களில் சினிமா சண்டைக் காட்சிகள் எடுத்தார்கள். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் விற்பனைக்கு வருகின்றன. வேலையை நம்பி வந்த வீடுகள் அங்கேயே நின்றன, வேலை போய்விட்டது. வியாசர்பாடிப் பிள்ளைகள் இன்றைக்கு ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்குப் போகிறார்கள்.

அடுத்து 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை. அதன் பின்னாலேயே அறுபதுகளில் அம்பத்தூர். லேத் பட்டறை, பிரஸ் ஷாப், ஃபவுண்டரி, பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுக்கும் சின்னச் சின்ன யூனிட்டுகள். அவற்றை நம்பி கொரட்டூர், பாடி, அம்பத்தூரில் வீட்டு மனைகள் விற்றன. இன்றைக்கு அதே கிண்டி எஸ்டேட்டில் பட்டறை இருந்த மனைகளில் ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. அம்பத்தூரிலும் அதே கதை. டன்லப் டயர் தொழிற்சாலை போயே போய்விட்டது. பஸ் கண்டக்டர்கள் மட்டும் இன்னமும் "டன்லப் எறங்கு" என்கிறார்கள்.

கோடம்பாக்கம், வடபழனியில் ஸ்டூடியோக்கள் இருந்தன. லைட்மேன், தச்சர், தையல்காரர், மேக்கப்மேன், ஸ்டண்ட் ஆள் எல்லோரும் நடந்து போகும் தூரத்தில் குடியிருந்தார்கள். ஒரு பெரிய ஸ்டூடியோ வளாகம் இன்றைக்கு மருத்துவமனை, கல்யாண மண்டபம், மால். கொத்தவால் சாவடியில் காய்கறி மூட்டை தூக்கியவர்கள் 1996-இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது கூடவே போகவேண்டியிருந்தது. 2002-இல் வெளியூர் பஸ் நிலையமும் பிராட்வேயிலிருந்து கோயம்பேடு போனது. பஸ் நிலையத்தை நம்பிக் கோயம்பேட்டில் லாட்ஜும் மெஸ்ஸும் வைத்தவர்களுக்கு அடுத்த செய்தி 2023 டிசம்பரில் வந்தது: பஸ் நிலையம் இனி கிளாம்பாக்கத்தில்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். வேளச்சேரியும் பெருங்குடியும் அதற்குப் பக்கம் என்று அடித்துப் பிடித்து வாங்கினார்கள். சில வருடத்திலேயே பெரிய கம்பெனிகள் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் சொந்த வளாகம் கட்டிக்கொண்டு போயின. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பிறகு சிறுசேரிக்குப் பக்கம் என்று நாவலூரிலும் கேளம்பாக்கத்திலும் வாங்கினார்கள். இதற்குள் மணப்பாக்கம், போரூர் பக்கம் இன்னொரு கொத்து எழுந்தது. இன்றைக்குப் பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடிச் சாலையில் வரிசையாக ஆபீஸ் கட்டடங்கள். சொந்த இடம் வைத்திருந்தவர்களும் நகரத்தான் செய்கிறார்கள்: ஒக்கியம் துரைப்பாக்கத்தில் தலைமையகம் வைத்திருந்த காக்னிசன்ட் அந்த வளாகத்தை விட்டுவிட்டுத் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக்குப் போனது.

தொழிற்சாலைகளின் ஆட்டம் இன்னும் வேகம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் வந்தது, 2014-இல் மூடியது. மறைமலை நகரில் தொண்ணூறுகளின் கடைசியில் கார் தயாரிக்கத் தொடங்கிய ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. வடக்கே திருவொற்றியூரில் ஐம்பதுகளிலிருந்து புல்லட் செய்துவந்த என்ஃபீல்டு 2013-இல் ஒரகடத்தில் புதிய ஆலை தொடங்கியது. வரைபடத்தில் பாருங்கள்: ஊரின் ஒரு கோடியிலிருந்து எதிர்க்கோடிக்கும் அப்பால்.

கம்பெனியை விடுங்கள், அரசாங்கமே ஒரு தடவை ஆபீஸ் மாற்றிப் பார்த்தது. 2010-இல் ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம் திறந்தார்கள். 2011-இல் ஆட்சி மாறியது; செயலகம் மறுபடி கோட்டைக்கே போனது. 2014-இல் அந்தக் கட்டடம் பன்னோக்கு மருத்துவமனையாகிவிட்டது.

வேலை ஏன் இப்படி நகர்கிறது? காரணம் பல, ஆனால் புதிரல்ல. ஒரு தொழில் வந்து ஓர் இடத்தைச் செழிக்க வைக்கிறது. செழித்ததும் மனை விலை ஏறுகிறது. ஏறிய விலையில் அங்கே இரும்பு அறுப்பதைவிடக் கட்டடம் கட்டி வாடகைக்கு விடுவது லாபம். பட்டறைக்காரர் இடத்தை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே போகிறார். பத்து மூட்டைக்காரர் தூக்கிய சரக்கைக் கன்டெய்னரும் கிரேனும் தூக்கத் தொடங்கியதும் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் கிட்டங்கி தேவையில்லை. நீதிமன்றம் ஓர் உத்தரவு போடுகிறது: 2011-இல் நிலக்கரி சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூருக்குப் போனது. அரசின் சிப்காட் நிறுவனம் எங்கே மலிவாக நிலம் கொடுக்கிறதோ அங்கே கார் கம்பெனி வருகிறது. இதில் எதையும் நீங்கள் தடுக்க முடியாது. எந்த வருடம் எது நடக்கும் என்று சொல்லவும் முடியாது. நகரும் என்பது மட்டும் நிச்சயம்.

அப்படியானால் எது நகராது? தண்டவாளம். போட்ட தண்டவாளத்தைப் பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக யாருக்கும் மனசு வராது.

என் சொந்த அனுபவம் ஒன்றே ஒன்று. நாங்கள் இருப்பது பழவந்தாங்கல், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். நான் சேர்ந்தபோது எங்கள் ஆபீஸ் செகண்ட் லைன் பீச்சில். காலையில் பீச் வண்டியைப் பிடித்தால் கடைசி ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். பிறகு ஆபீஸ் மவுண்ட் ரோடு போனது. அதே வண்டி, எழும்பூரில் இறங்கிப் பஸ். கடைசியில் செலவைக் குறைக்கிறோம் என்று அம்பத்தூர் எஸ்டேட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். ஆபீஸில் பாதிப் பேர் முகம் செத்துவிட்டது. நான் அதே வண்டியில் ஏறி, பார்க்கில் இறங்கி, ரோட்டைக் கடந்து, மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் ஆவடி வண்டி ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்குள் நடந்தேன். சுகமான பயணம் என்று சொல்லமாட்டேன். மழை நாளில் சட்டை நனைந்துதான் சீட்டில் உட்காருவேன். ஆனால் வீடு மாற்றவில்லை, பையனின் பள்ளிக்கூடம் மாற்றவில்லை. முக்கியமாக, என் மனைவி நுங்கம்பாக்கத்தில் பார்த்த வேலையை விடவில்லை. அவரும் அதே பாதையில்தான் போனார், கையில் ஒரு சீசன் டிக்கெட்டோடு.

தங்கைகளே, இந்தக் கடைசி வரியை உங்களுக்காகத்தான் எழுதினேன். "ஆபீஸ்லேர்ந்து பதினஞ்சு நிமிஷம்" என்கிறீர்களே, யாருடைய ஆபீஸிலிருந்து? அவர் சிறுசேரியில், நீங்கள் அம்பத்தூரில் என்று வைத்துக்கொள்வோம். அவர் சம்பளம் கொஞ்சம் அதிகம் என்பதால் வீடு சிறுசேரிப் பக்கம் அமைகிறது. முதல் இரண்டு வருடம் நீங்கள் இளமை வேகத்தில் போய் வருவீர்கள். குழந்தை பிறந்ததும் அந்தப் பயணம் முடியாத காரியமாகிவிடும். யாரும் உங்களை வேலையை விடச் சொல்லமாட்டார்கள். தூரம் சொல்லிவிடும். என் உறவிலும் அக்கம்பக்கத்திலும் இப்படி வேலையை விட்ட பெண்கள் நிறைய. யார் வேலையை விடுவது என்ற பேச்சு வந்தபோது ஆணின் வேலையை விட்டதாக எனக்கு நினைவில்லை. பிறகு ஒருநாள் அவருடைய ஆபீஸும் போரூருக்கு மாறும். அப்போது அந்த வீடு இரண்டு பேர் வேலைக்கும் தூரம், தவணை மட்டும் பக்கம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். எங்கே குடியிருப்பது என்று யோசிக்கும் வசதியாவது உங்களுக்கு இருக்கிறது. ஓ.எம்.ஆரில் உங்கள் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னாலேயே கண்ணகி நகர் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டிலிருந்து ஊருக்குள் ஆற்றங்கரைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் இருந்தவர்களை அகற்றி, 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டி அங்கே குடிவைத்தார்கள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பெண்கள் பாத்திரம் தேய்த்த வீடுகள் மயிலாப்பூரிலும் ஆழ்வார்ப்பேட்டையிலும் இருந்தன. ஆண்களின் கூலி வேலை ஊருக்குள் இருந்தது. விடிவதற்கு முன்னால் பஸ் ஏறினால்தான் காலை வேலைக்குப் போகமுடியும், பஸ் காசுக்கே சம்பளத்தில் ஒரு பங்கு போகும் என்றானபோது பலர் வேலையை விட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் இன்று உங்கள் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி. வேலையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வீட்டை மட்டும் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இந்த ஊரில் இல்லை. நீங்கள் செய்யப்போவதும் அதன் மறுபக்கம்தான்: வீட்டை நட்டுவிட்டு வேலையை நகரவிடுவது.

அரசுக்கும் இது மெல்லப் புரிகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். வேலைக்குப் பக்கத்தில் வாடகைக்குத் தங்குவது, வேலை மாறினால் கிளம்புவது. இருபது வயதில் அதுதான் சரி. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

இனி உங்கள் ஆட்சேபணைகள். "ரயிலுக்குப் பக்கம் என்றால் விலை அதிகம், வீடு சின்னது, கட்டடம் பழசு, லிஃப்ட் இல்லை." உண்மை. நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் குரோம்பேட்டைப் பழைய ஃப்ளாட்டில் கிடைக்காது. ஆனால் பழைய ஃப்ளாட்டில் மனையில் உங்களுக்குச் சேரும் பங்கு, அந்த யு.டி.எஸ்., பல சமயம் அதிகம். ஒரு படுக்கையறை குறைந்தாலும், தினம் போக வர இரண்டு மணி நேரம் மிஞ்சினால் அதற்கு என்ன விலை போடுவீர்கள்?

"மெட்ரோ வரப்போகிறதே?" வரட்டும், நல்லது. இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி, கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர் என்று மூன்று தடங்கள், சுமார் 118 கிலோமீட்டர் திட்டமிட்டார்கள். ஆனால் விளம்பரத் துண்டில் போட்டிருக்கும் ஸ்டேஷனுக்குக் காசு கொடுக்காதீர்கள். வேளச்சேரி வரை பறக்கும் ரயில் 2007-இலேயே வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலை வரை வெறும் 5 கிலோமீட்டர், நிலம் கையகப்படுத்தும் வழக்கில் சிக்கி வருடக்கணக்கில் இழுத்தது. ஓடுகிற ரயிலுக்கு மட்டும் விலை கொடுங்கள்.

"நாங்கள் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம்." கொரோனாவை நம்பி ஊரோடு போய் வீடு கட்டியவர்களை வாரம் மூன்று நாள் வரச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள் அல்லவா? வீட்டிலிருந்து வேலை என்பதும் கம்பெனி கொடுக்கும் சலுகை. அதற்கும் நோட்டீஸ் காலம் உண்டு.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். ஒன்று: இந்த வீட்டிலிருந்து கிண்டி, அம்பத்தூர், சோழிங்கநல்லூர், ஸ்ரீபெரும்புதூர் நான்குக்கும் சொந்த வண்டி இல்லாமல் எப்படிப் போவது, எவ்வளவு நேரம்? திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். புரோக்கர் சொல்லும் நிமிடக் கணக்கு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. இரண்டு: நாளை இரண்டு பேரில் யாருடைய ஆபீஸ் மாறினாலும் இன்னொருவர் வேலையை விடாமல் சமாளிக்க முடியுமா? மூன்று: நாம் வேறு பக்கம் போக நேர்ந்தால், இந்த வீட்டை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? ஒரே ஒரு கம்பெனியின் ஆட்கள் மட்டும்தான் என்றால், அந்தக் கம்பெனி போகிற அன்றைக்கு வாடகைக்காரரும் போவார்.

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் தாராளமாக வாங்குங்கள், கிரகப் பிரவேசத்துக்கு எனக்கும் பத்திரிகை அனுப்புங்கள். ஒன்றில் தடுமாறினாலும் இன்னும் இரண்டு வருடம் வாடகைக்கு இருங்கள். வாடகை கொடுப்பது வீண் செலவு என்று உங்கள் மாமனாரோ என் வயதுக்காரர் யாரோ சொன்னால், அவரிடம் கேளுங்கள்: எங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் கோடீஸ்வரக் கம்பெனி ஏன் இன்னமும் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறது?

அன்புடன்,
பழவந்தாங்கலிலிருந்து ஒரு பெரியவர்